மழை ஒதுக்கிய கருமணல்: காந்தக்கல்லின் கதை

ஒரு தாய் கேட்டிருந்த கேள்வி இது. மழை விட்டதும் அவர் தெருவோரத்தில், தண்ணீர் ஓடிய தடத்தில், கருப்பாக ஒரு மணல் கோடு கோடாகப் படிகிறதாம். ஏழாவது படிக்கும் மகன் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தால் அதை அள்ளி ஒரு டப்பா நிறையச் சேர்த்துவிட்டான். இது இரும்புத் தூளா? இரும்பென்றால் இத்தனை மழையில் கிடந்தும் ஏன் துருப்பிடிக்கவில்லை? இதை உருக்கி இரும்பு எடுக்க முடியுமா? வேறு எதற்காவது பயன்படுமா?

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் டப்பாவில் இருப்பதில் பெரும்பகுதி மேக்னடைட். தமிழில் காந்தக்கல் என்பார்கள். அது இரும்புத் தூள் இல்லை. இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டதால் துருப்பிடிக்க அதற்கு அவசரமே இல்லை. 100 கிராம் சுத்தமான மேக்னடைட்டில் 72 கிராம் இரும்பு இருக்கிறது. இரும்புத் தாதுக்களிலேயே இதுதான் அதிக அளவு. இதிலிருந்து இரும்பு எடுக்கலாமா என்றால், தாராளமாக எடுக்கலாம். கொங்குப் பக்கத்திலும் சேலத்திலும் நம் ஆட்கள் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்திருக்கிறார்கள்.

இனி விவரத்துக்கு வருகிறேன். நான் கனிமவியல் படித்தவன். இந்தக் கல்லின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

தெருவுக்கு அது எப்படி வந்தது? தமிழ்நாட்டின் தரைக்கு அடியில் பெரும்பாலும் கிரானைட், சார்னோகைட், நைஸ் என்று பழைய கடினப் பாறைகள். இவை எல்லாவற்றிலும் மிளகைவிடச் சிறிய கருப்புப் புள்ளிகளாகக் கொஞ்சம் மேக்னடைட் கலந்திருக்கும். வெயிலும் மழையும் பாறையை அரிக்கும்போது, அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிப் போய்விடும். குவார்ட்ஸ் வெள்ளை மணலாக மிஞ்சும். மேக்னடைட்டும் அப்படியே மிஞ்சும். ஆனால் எடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். குவார்ட்ஸ் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம் என்றால், மேக்னடைட் 5.2 மடங்கு. ஓடுகிற தண்ணீர் இளைத்ததும் கனமானது முதலில் கீழே உட்கார்ந்துவிடும், வெள்ளை மணல் இன்னும் கொஞ்ச தூரம் உருண்டு போகும். அரிசி களையும்போது கல் அடியில் தங்குகிறதே, அதே கணக்குதான். உங்கள் தெருவில் கட்டுமான வேலைக்குக் கொட்டிய ஆற்று மணலும் எம்-சாண்டும் கரைந்து வருவதால் கோடுகள் இன்னும் தெளிவாகப் படிந்திருக்கும்.

இங்கே ஒரு திருத்தம். கருமணல் என்றாலே மேக்னடைட் என்று நினைத்துவிடக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருக்கும் புகழ்பெற்ற கருமணல் பெரும்பாலும் இல்மனைட். அது டைட்டானியமும் இரும்பும் சேர்ந்த கனிமம். அதோடு கார்னெட், சிர்கான், மோனசைட் எல்லாம் கலந்திருக்கும். இல்மனைட்டைச் சாதாரண காந்தம் அவ்வளவாக இழுக்காது. மிக வலுவான காந்தம் வேண்டும். உங்கள் மகன் ஸ்பீக்கர் காந்தத்தை வைத்து அள்ளியிருப்பதால், அவன் டப்பாவில் சேர்ந்தது பெரும்பாலும் மேக்னடைட்தான் என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. அந்த ஸ்பீக்கர் காந்தமும் ஒரு வகையில் இதற்கு உறவு. கருப்பாக, பீங்கான் மாதிரி உடையக்கூடியதாக இருக்கிறதே, அது ஃபெரைட். இரும்பு ஆக்சைடோடு ஸ்ட்ரான்ஷியம் அல்லது பேரியம் சேர்த்துச் சுட்டுச் செய்வது.

சரி, இரும்பின் ஆக்சைடுகள் எத்தனையோ இருக்கின்றன. செம்மண்ணைச் சிவப்பாக்குவதும் இரும்பு ஆக்சைடுதான். அதெல்லாம் காந்தத்தில் இப்படித் தாவி ஒட்டுவதில்லையே, இது மட்டும் ஏன் ஒட்டுகிறது?

மேக்னடைட்டில் நான்கு ஆக்சிஜன் அணுவுக்கு மூன்று இரும்பு அணு. இந்த மூன்றும் ஒரே நிலையில் இல்லை. இரண்டு, தலைக்கு மூன்று எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் இழந்தவை. மூன்றாவது, இரண்டே எலக்ட்ரான்களை இழந்தது. முதல் இரண்டும் படிகத்துக்குள் வேறு வேறு விதமான இடங்களில் உட்கார்ந்து, கயிறு இழுக்கும் போட்டி மாதிரி எதிர் எதிர்த் திசையில் இழுக்கின்றன. இரண்டுக்கும் சமபலம், அதனால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். மிஞ்சி நிற்பது அந்த மூன்றாவது இரும்பின் காந்தம் மட்டும்தான். உங்கள் மகன் காந்தத்தில் முடி முடியாகச் சிலிர்த்து நிற்கிற மணலைப் பார்த்திருப்பான். அவன் பார்த்தது அந்த மூன்றாவது இரும்பின் பலம். பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நேல் 1948-ல் இதை விளக்கினார். 1970-ல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த மூன்றாவது இரும்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேக்னடைட்டின் குணங்களில் பாதிக்கு மேல் அதனால் வருகிறவைதான். அதன் கருமை நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இழந்த இரும்பும் மூன்று இழந்த இரும்பும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஓர் எலக்ட்ரான் இங்கிருந்து அங்கே தாவிக்கொண்டே இருக்கும். எந்த நிற ஒளி வந்தாலும் அது விழுங்கிவிடும். கல் கருப்பாகத் தெரியும். அதே தாவலால் மின்சாரமும் ஓரளவு பாயும். மற்றபடி ஆக்சைடுகள் பெரும்பாலும் மின்சாரத்தை விடாதவை. இந்தக் கல்லை மைனஸ் 150 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால் தாவல் சட்டென்று உறைந்துபோய், மின்தடை கிடுகிடுவென ஏறிவிடுகிறது. 1939-ல் வெர்வே என்ற டச்சு விஞ்ஞானி இதை ஆராய்ந்து சொன்னார். உள்ளே சரியாக என்ன நடக்கிறது என்பதில் இயற்பியலாளர்கள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் விவாதித்தார்கள்.

மேக்னடைட்டை மேலே சூடாக்கினாலும் ஒரு எல்லை இருக்கிறது. சுமார் 580 டிகிரியில் காந்தம் அடியோடு போய்விடும். ஆற விட்டால் திரும்ப வந்துவிடும். இதை ஞாபகம் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கையில் ஒரு கருப்புக் கல் கிடைத்தால் அது மேக்னடைட்டா என்று பார்க்க எளிய வழி உண்டு. மெருகு ஏற்றாத பீங்கானில், அதாவது வீட்டுத் தரை டைல்ஸின் பின்பக்கத்தில், கல்லைத் தேய்த்துப் பாருங்கள். கருங்கோடு விழுந்து காந்தமும் ஒட்டினால் மேக்னடைட். செங்காவிக் கோடு விழுந்தால் ஹெமடைட். ஹெமடைட்தான் உலகின் இன்னொரு முக்கிய இரும்புத் தாது. அதில் எல்லா இரும்பும் மூன்று எலக்ட்ரான் இழந்தவை. வெளியே பார்த்தால் அதுவும் சில சமயம் கருப்பாக மின்னி ஏமாற்றிவிடும், ஆனால் பொடி எப்போதும் சிவப்புதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா மேக்னடைட்டும் காந்தத்தால் இழுக்கப்படும், ஆனால் எல்லா மேக்னடைட்டும் தானே ஒரு காந்தமாக இருக்காது. ஊசியை இழுத்துப் பிடிக்கிற இயற்கைக் காந்தக்கல் அபூர்வம். பழைய காலத்துத் திசைகாட்டிக்கு உதவியது அதுதான். தரைக்கு மேலே தெரியும் மேக்னடைட் பாறையில் மின்னல் இறங்கும்போது, பாய்கிற பெருமின்சாரம் கல்லைக் காந்தமாக்கிவிடுகிறது என்பது இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். காந்தத்தின் முன் இரும்பு என்பது சைவ சித்தாந்தத்தில் உயிருக்கும் இறைவனுக்கும் சொல்லும் பழைய உவமை. அந்த உவமையைச் சொன்னவர்கள் இந்தக் கல்லைக் கையில் வைத்துப் பார்த்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

துருவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஆணியில் பிடிக்கும் செந்துரு, இரும்பும் ஆக்சிஜனும் தண்ணீரும் சேர்ந்த பொருள். அது பொங்கி, செதில் செதிலாக உதிரும், உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும், அதுவும் துருப்பிடிக்கும். மேக்னடைட் அப்படி இல்லை, இறுக்கமானது. கொல்லர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது கருப்புச் செதில்கள் தெறித்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் செதிலில் கணிசமான பங்கு மேக்னடைட்தான். அனல் மின் நிலையக் கொதிகலன்களில் எஃகுக் குழாயின் உட்புறம் மேக்னடைட்டாகவே ஒரு மெல்லிய கருப்புப் படலம் உருவாகி, குழாயை மேலும் அரிக்க விடாமல் காக்கிறது. அந்தப் படலம் கெட்டுவிடாமல் இருக்கத்தான் கொதிகலன் தண்ணீரின் காரத்தன்மையை அவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள்.

ஆனால் மேக்னடைட் என்றென்றும் மாறாமல் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கான ஆண்டுகள் காற்றுப் பட்டுக் கிடந்தால், மூன்றாவது இரும்பும் தன் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்துவிடும். கருப்பு மெல்லச் சிவப்பாகி ஹெமடைட் ஆகிவிடும். தீயில் இட்டால் அதே வேலை சில மணி நேரத்தில் நடக்கும். சித்த மருத்துவத்தில் காந்தத்தைப் புடமிட்டுச் செய்கிற செந்தூரம் சிவப்பாக வருவது இதனால்தான். கருப்புக் கல்லை உள்ளே வைத்து, செம்பொடியை வெளியே எடுத்தவர்கள் தங்கள் வழியில் ஆக்சிஜனேற்றம் செய்திருக்கிறார்கள்.

இனி, இந்தக் கல் உருவாகும் விதம். பூமிக்குள் உருகிய பாறைக் குழம்பு ஆறும்போது மேக்னடைட் படிகமாகித் தங்கும். இது ஒரு வழி. சுவீடனின் வடகோடியில் கிருனா என்ற ஊரில் இருக்கிறது உலகின் மிகப் பெரிய நிலத்தடி இரும்புச் சுரங்கம். அங்கே கிடைப்பது 60 சதவீதத்துக்கு மேல் இரும்பு கொண்ட கனத்த மேக்னடைட். அது பாறைக் குழம்பிலிருந்து நேராக வந்ததா, கொதிக்கும் கனிம நீரிலிருந்து வந்ததா என்ற வாதம் நூறாண்டுக்கும் மேலாக நடக்கிறது. தோண்டித் தோண்டி நிலம் இறங்குவதால் ஊரையே நகர்த்துகிறார்கள். 1912-ல் கட்டிய மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் சக்கரங்களில் ஏற்றி 5 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். சுண்ணாம்புப் பாறையைச் சூடான குழம்பு தொடும் இடங்களிலும், கடலடிப் பாறையோடு தண்ணீர் வினைபுரியும் இடங்களிலும்கூட மேக்னடைட் உண்டாகும்.

நம் ஊரோடு சம்பந்தப்பட்ட வழி வேறு. சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலை இருக்கிறது, அடிவாரத்தில் சித்தர் கோயில். மாணவனாக இருந்தபோது அந்த மலையில்தான் முதன்முதலில் திசைகாட்டி பொய் சொல்வதைப் பார்த்தேன். கையில் வைத்து நாலடி நடப்பதற்குள் முள் வடக்கை விட்டு விலகி ஆடுகிறது. எங்கள் பேராசிரியர் சிரித்துக்கொண்டே, "இந்த மலையில முள்ளை நம்பாதே, சூரியனைப் பார்த்துத் திசை குறி" என்றார். அங்கே உடைந்து கிடந்த ஒரு கல்லை எடுத்தேன். உள்ளங்கையளவுதான், ஆனால் இரண்டு கல்லைத் தூக்கியது போல் கனத்தது. மேலே துருவேறிய செம்பழுப்புத் தோல். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் பிளந்து, உள்ளே கருப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் தெரிந்தன. கருப்புக் கோடு மேக்னடைட், வெள்ளைக் கோடு ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்கிற குவார்ட்ஸ். நூலில் கட்டிய சின்னக் காந்தத்தை அதன் மேல் தொங்கவிட்டு நகர்த்தினால் கருங்கோட்டில் போய் ஒட்டும், வெள்ளைக்கு இழுத்தால் விட்டுவிடும்.

அந்தக் கோடுகள் 250 கோடி ஆண்டுகளுக்கும் பழையவை. அப்போது கடலில் இரும்பு கரைந்து கிடந்தது. காற்றில் ஆக்சிஜன் இல்லை என்பதால், இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு தண்ணீரில் உப்பு மாதிரி கரைந்தே இருக்கும். பிறகு கடலில் நுண்ணுயிர்கள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கக் கற்றுக்கொண்டு, ஆக்சிஜனை வெளியே விட ஆரம்பித்தன. ஆக்சிஜன் பட்ட இரும்பு கரையாத துருவாகி, கடலடியில் படிவு படிவாக இறங்கியது. இடையிடையே சிலிக்கா இறங்கியது. அப்புறம் அந்தக் கடலடி பூமிக்குள் ஆழத்தில் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, துரு மேக்னடைட்டாகவும் சிலிக்கா குவார்ட்ஸாகவும் மாறியது. கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை, திருவண்ணாமலைப் பக்கத்துக் கவுத்திமலை என்று வடதமிழ்நாட்டின் இரும்பு மலைகள் எல்லாம் இந்த வகைதான். நாம் இன்று மூச்சு விடுகிற ஆக்சிஜன் முதன்முதலில் உருவானபோது கடலில் விட்டுச் சென்ற கணக்குப் புத்தகம் அது. எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் பாறையில் தெரியவில்லை.

உயிர்கள் நேரடியாகவே மேக்னடைட் செய்கின்றன என்பது இன்னொரு செய்தி. குளத்துச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் தங்கள் உடம்புக்குள் மேக்னடைட் படிகங்களை மாலை கோத்தது போல் வரிசையாக வளர்த்துக்கொள்ளும். ஒவ்வொரு படிகமும் மயிரிழையின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பக்கம். அந்த மாலை பூமியின் காந்தக் கோடுகளின் வழியே பாக்டீரியாவைத் திருப்பி, கீழே, ஆக்சிஜன் குறைந்த சேற்றை நோக்கி வழிகாட்டும். அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் பிளேக்மோர் 1975-ல் இதை வெளியிட்டார். கடலோரப் பாறையில் ஒட்டி வாழும் கைட்டன் என்ற ஓடுடைய மெல்லுடலிக்கு நாக்கில் இருக்கும் பற்களின் முனை மேக்னடைட் பூசியது. பாறையையே சுரண்டிப் பாசி தின்னும்.

580 டிகிரியை ஞாபகம் வைக்கச் சொன்னேன். எரிமலைக் குழம்பு ஆறி அந்த வெப்பநிலைக்குக் கீழே இறங்கும்போது, அதிலுள்ள மேக்னடைட் துகள்கள் அந்த நேரத்துப் பூமிக் காந்தத்தின் திசையைப் பதிவு செய்துகொள்ளும். பாறை எங்கே நகர்ந்தாலும் அந்தப் பதிவு கூடவே போகும். காந்தக் கோடு நிலநடுக்கோட்டில் படுத்த வாக்கிலும், துருவத்தை நெருங்க நெருங்கச் செங்குத்தாகவும் இருக்கும் என்பதால், பாறை பிறந்த அட்சரேகையையே கணக்குப் போட்டுவிடலாம். 1950-களில் தக்காணத்து எரிமலைப் பாறைகளை இப்படி அளந்தார்கள். அவை சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழையவை. அவை உறைந்தபோது இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது என்று தெரிந்தது. 1963-ல் வைன், மேத்யூஸ் என்ற இரு பிரிட்டிஷ் புவியியலாளர்கள், கடலடி மலைத்தொடரின் இருபுறமும் ஒரே மாதிரி மாறி மாறி வரும் காந்தப் பட்டைகளைக் கடலடி விரிவதற்குச் சான்றாகக் காட்டினார்கள். கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகம் ஒப்புக்கொண்டதில் இந்தக் கருந்துகள்களின் பங்கு பெரிது.

இரும்பு எடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். மழைக்குப் பின் ஓடைகளில் ஒதுங்கும் கருமணலை அலசிச் சேர்த்து இரும்பு உருக்குவதை, 1800-01-ல் மைசூர், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் பார்த்து எழுதியிருக்கிறார். உங்கள் மகன் செய்ததேதான், காந்தத்துக்குப் பதில் தண்ணீர். களிமண்ணால் ஆளுயரத்துக்கும் குறைவான ஓர் உலை கட்டி, கரியும் மணலும் மாற்றி மாற்றிப் போட்டு, தோல் துருத்தியால் ஊதுவார்கள். கரி எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். இரும்பு உருகி ஓடாது. கசடு வழிந்துபோக, பஞ்சு மாதிரிக் கட்டியாக அடியில் தங்கும். அதைச் சூட்டோடு அடித்து அடித்துக் கசடை வெளியேற்றினால் தேனிரும்பு.

அதோடு நிற்கவில்லை. தேனிரும்புத் துண்டுகளோடு ஆவாரங் குச்சியை வைத்து, எருக்கிலையால் மூடி, மூசை என்ற களிமண் குடுவையில் அடைத்து மறுபடி உலையில் வைத்தார்கள். குச்சியின் கரி இரும்பில் ஏறி உருக்கு ஆனது. ஈரோடு பக்கத்துக் கொடுமணலில் இதற்கான உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பியர் இதை ஊட்ஸ் என்று அழைத்து ஆராய்ந்தார்கள். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819-லேயே இதைப் பகுத்துப் பார்த்தார். கம்பெனி ஊழியத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-களில் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேய பாணி இரும்பாலை தொடங்கி, சேலத்துத் தாதுவைக் கொண்டுபோனார். கரிக்குக் காடு போதாமலும் பணம் போதாமலும் அது சில பத்தாண்டுகளில் நின்றுபோனது.

இன்று ஏன் கஞ்சமலையில் எடுப்பதில்லை என்று பலர் கேட்பார்கள். சேலம் உருக்காலைக்காகப் போராடிய தலைமுறையின் கனவே அந்த மலைத் தாதுதான். ஆனால் 1981-ல் உற்பத்தி தொடங்கியபோது அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாகத்தான் வந்தது. காரணம் அந்தக் கல்லின் கருப்பு வெள்ளைக் கோடுகளிலேயே இருக்கிறது. சுத்த மேக்னடைட்டில் 72 சதவீதம் இரும்பு என்றேன். ஆனால் பாறையில் கிட்டத்தட்டப் பாதி குவார்ட்ஸ், அதனால் மொத்தத்தில் 35 முதல் 40 சதவீதம்தான் தேறும். ஒடிசாவில் 60 சதவீதத்துக்கு மேற்பட்ட ஹெமடைட்டை வெட்டி எடுத்து அப்படியே உலைக்கு அனுப்ப முடிகிறது. கஞ்சமலைக் கல்லை மாவாக அரைக்க வேண்டும், காந்த உருளையில் ஓட்டிப் பிரிக்க வேண்டும், பிறகு உருண்டை பிடித்துச் சுட வேண்டும். 100 டன் உடைத்தால் 50 டன் பக்கம் சேற்றுக் கழிவு. அந்தக் கழிவை எங்கே கொட்டுவது?

கர்நாடகத்தில் குதிரேமுக் சுரங்கம் இதே மேக்னடைட்தான். அரைத்த தாதுவைக் குழாய் வழியே மலையிலிருந்து மங்களூருக்குத் தண்ணீரோடு அனுப்பினார்கள். பொறியியலில் அது சாதனை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுக்கும் பத்ரா ஆற்றுக்கும் நேர்ந்த கேட்டால், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2005 இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. கவுத்திமலையில் சுரங்கத் திட்டம் வந்தபோது சுற்றுவட்டார மக்கள் எதிர்த்தார்கள். நான் அவர்கள் பக்கம்தான். பாதி கழிவாகப் போகிற கல்லுக்காக, ஊற்றும் காடும் உள்ள மலையை இழக்க வேண்டியதில்லை. நல்ல ஹெமடைட் தீர்ந்து, கழிவைக் கையாளத் தெளிவான வழியும் வந்தால் அன்றைக்குப் பேசலாம்.

ஆனால் அரைக்கும் செலவுக்கு எதிராக மேக்னடைட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. உருண்டைகளைச் சுடும்போது நம் மூன்றாவது இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து தானே சூட்டை வெளியிடும். அதனால் ஹெமடைட் உருண்டைக்கு ஆகிற எரிபொருளைவிடக் குறைவாகவே ஆகும்.

இரும்பைத் தவிர்த்த பயன்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது யூரியா. யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும்; காற்றிலுள்ள நைட்ரஜனோடு ஹைட்ரஜனைச் சேர்த்து அம்மோனியா செய்ய, வினையை விரைவாக்கும் ஒரு வினையூக்கி வேண்டும். ஜெர்மனியில் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்தபோது, சுவீடனின் யெல்லிவாரேயிலிருந்து வந்த ஒரு மேக்னடைட் துண்டு ஆச்சரியப்படும்படி வேலை செய்தது. மற்ற சுத்தமான இரும்புகள் செய்யாததை அது ஏன் செய்தது என்று தேடியபோதுதான், அதில் கலந்திருந்த அலுமினா போன்ற கலப்புகளின் அருமை தெரிந்தது. 1913-ல் ஓப்பாவில் முதல் ஆலை ஓடியது. இன்றும் மேக்னடைட்டோடு அலுமினாவும் பொட்டாஷும் சேர்த்து உருக்கித்தான் பெரும்பாலும் அந்த வினையூக்கியைச் செய்கிறார்கள். நம் வயலுக்கு வருகிற மூட்டைக்குப் பின்னால் இந்தக் கல் இருக்கிறது.

நிலக்கரியைக் கல்லிலிருந்து பிரிக்கவும் இதுதான். மேக்னடைட் மாவைத் தண்ணீரில் கலந்தால் தண்ணீரே கனமாகிவிடும். நிலக்கரி மிதக்கும், கல் மூழ்கும். வேலை முடிந்ததும் மாவைக் காந்தத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். லேசர் பிரின்டரின் கருப்பு டோனர் பலவற்றிலும் இது உண்டு. கதிர்வீச்சைத் தடுக்கும் கனமான கான்கிரீட்டில் ஜல்லிக்குப் பதிலாகப் போடுகிறார்கள். நம் பழைய கேசட் நாடாவின் பழுப்புப் பூச்சு, மேக்னடைட்டை மெதுவாக ஆக்சிஜனேற்றிச் செய்தது. 1963-ல் நாசாவில் ஸ்டீவ் பாப்பெல், எடையற்ற வெளியில் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்க முடியுமா என்று பார்க்க, மேக்னடைட்டை மிக நுண்ணியதாக அரைத்து எண்ணெயில் மிதக்கவிட்டார். ராக்கெட்டில் அது பயன்படவில்லை, ஆனால் அந்தக் காந்தத் திரவம் இன்று ஒலிபெருக்கிகளின் உள்ளே சூட்டைக் கடத்துகிறது.

கடைசியாக, டப்பாவை என்ன செய்வது என்று தம்பிக்குச் சில யோசனைகள். அடுத்த முறை காந்தத்தைப் பாலிதீன் உறையில் போட்டு அள்ளச் சொல்லுங்கள். உறையிலிருந்து காந்தத்தை உருவினால் மணல் தானே உதிர்ந்துவிடும், நேரே ஒட்டினால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. தெருவோர மணல் என்பதால் வண்டி பிரேக்கிலிருந்தும் வெல்டிங் பட்டறையிலிருந்தும் வந்த நிஜ இரும்புத் தூளும் கலந்திருக்கும். ஒரு தட்டில் கொஞ்சம் மணலைப் பரப்பி, உப்புத் தண்ணீர் தெளித்து இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பழுப்பாக மாறுவது இரும்பு; கருப்பாகவே இருப்பது மேக்னடைட். மீதியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, வெள்ளைக் காகிதத்தில் தூவி, பூதக்கண்ணாடியால் வெயிலில் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மணிகள் உருண்டு தேய்ந்திருக்கும். பொறுமையாகத் தேடினால், இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி சேர்த்து ஒட்டியது போல் எட்டு முகமும் கூர்மையாக மினுங்குகிற ஒன்றாவது அகப்படும். மேக்னடைட்டின் இயல்பான படிக வடிவம் அதுதான்.